ஊசி வைத்தியமும் நமது சங்கங்களும்

சென்ற சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகிறது. சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி வைத்தியத்துக்கு மாதம் ஒரு முகாம் நடத்தலாமா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் நெசவாளர்களே மிகுதி. பருத்தியும் நிலக்கடலையும் பயிரிடும் அங்கத்தினர்களும் உண்டு. இரண்டொரு சங்கங்களில் இது தீர்மான வடிவில் மகாசபைக்கு வரவிருப்பதாகவும் அறிகிறோம். ஆகவே நமது கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுவது கடமை என்று எண்ணுகிறோம்.

இக்கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பது நமக்குத் தெரியாததன்று. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு, நாள் முழுதும் முன்புறம் வளைந்திருப்பவர் நாற்பது வயதுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். தார் சுற்றும் பெண்களுக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. நாற்று நட்டவர்களுக்கும் களை பறித்தவர்களுக்கும் முழங்கால் வீங்குகிறது. மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை அன்றைய பொழுதைக் கழிக்க உதவுகிறது. ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இவற்றோடு தூக்கமின்மை, கடன் தவணை வரும் வாரத்தில் நெஞ்சில் ஏறும் படபடப்பு, காரணம் சொல்லத் தெரியாத சோர்வு ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. மாத்திரை இல்லாமல் இவற்றுக்கு ஒரு வழி உண்டு என்று யாரேனும் சொன்னால் செவி சாய்க்காமல் இருப்பது எப்படி?

அந்த வைத்தியத்தைப் பற்றிப் பேசுமுன் நெசவாளர்கள் மகிழ்ந்து கேட்கத்தக்க ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். உடலில் உயிராற்றல் ஓடும் வழிகள் என்று சீனர் கருதுபவற்றை அவர்கள் மொழியில் ‘சிங் லுவோ’ என்பர். அவற்றுள் ‘சிங்’ என்ற எழுத்துக்கு முதற்பொருள் தறியிலே நீளவாக்கில் ஓடும் பாவு நூல் என்பது. ‘லுவோ’ என்பது வலைப்பின்னலாக இணைப்பது. அதாவது, தலை முதல் கால் வரை பாவு ஓடுகிறது. கிளைகள் அதனைக் குறுக்கே பிணைக்கின்றன. இன்னும் வியப்பு என்னவெனில், அதே ‘சிங்’ என்னும் சொல்லே பெருமை வாய்ந்த சாத்திர நூல்களுக்கும் பெயர். அவர்களுடைய மூல வைத்திய நூலாகிய ‘ஹுவாங்தி நெய்சிங்’கின் பெயரில் முடிவாக நிற்பது அச்சொல்லே. இழைக்கும் ஏட்டுக்கும் நாம் ‘நூல்’ என்ற ஒரே சொல்லை வழங்குவதுபோல அவர்களும் வழங்கியிருக்கிறார்கள்.

இது வெறும் சொல் ஒற்றுமை என்று தள்ளிவிட வேண்டா. 2012, 2013ஆம் ஆண்டுகளில் சீனாவின் செங்டு நகரில் லாவோகுவான்ஷான் என்னுமிடத்தில் சில பழைய கல்லறைகளைத் தோண்டினார்கள். அவை கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு கல்லறையிலே மூங்கில் பட்டைகளில் எழுதிய வைத்தியக் குறிப்புகளும், உடம்பெங்கும் கோடுகள் வரைந்த அரக்குப் பூச்சுடைய சிறிய மனித உருவமும் கிடைத்தன. அடுத்த கல்லறையில் கிடைத்தவை நான்கு தறிகளின் சிறு மாதிரிகள்! பூ வேலை நெய்யும் தறிகளில் உலகில் இதுவரை கண்டெடுக்கப்பட்டவற்றுள் மிகப் பழமையானவை அவை என்கிறார்கள். தறியும் நாடி வழிகளும் ஒரே மண்ணில் அருகருகே உறங்கியிருக்கின்றன.

1973இல் மாவாங்துய் என்ற இடத்தில் திறந்த மற்றொரு கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. அங்கே வைத்திய நூல்கள் பட்டுத் துணியில் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் பதினோரு வழிகள் சொல்லப்படுகின்றன; சூடு வைக்கும் முறை சொல்லப்படுகிறது; ஊசி குத்துவதைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த சாத்திரம் என்று விளம்பரப் பலகைகளில் எழுதுவதை நம்ப வேண்டியதில்லை. எல்லாத் தொழில்களையும் போல இதுவும் சிறுகச் சிறுக வளர்ந்தது. 1027ஆம் ஆண்டில் வாங் வெய்யி என்பவர் ஆளுயர வெண்கலப் பதுமைகள் இரண்டைச் செய்வித்தார். ஊசிப் புள்ளிகள் அனைத்திலும் துளைகள் உண்டு. பதுமையின் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி மாணவனைப் பரீட்சித்தார்கள் என்றும், சரியான இடத்தில் ஊசி இறங்கினால் நீர் கசியும் என்றும் சொல்வர். ஆனால் சீனாவிலேயே இவ்வைத்தியம் எப்போதும் அரியணையில் இருந்துவிடவில்லை. 1822இல் பேரரசர் தமது அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கிவிட்டார். 1929இல் குடியரசு ஆட்சியின் சுகாதாரக் குழு பழைய வைத்தியம் அனைத்தையும் ஒழிக்கத் தீர்மானித்தது. ஷாங்காயில் வைத்தியர்கள் திரண்டு எதிர்த்ததால் அம்முயற்சி நின்றது. 1950க்குப் பிறகே, மேல்நாட்டு வைத்தியம் படித்தோர் தொகை மக்களுக்குப் போதாத நிலையில், அரசு இரண்டையும் இணைத்து வளர்த்தது. 1956இல் நான்கு நகரங்களில் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

மனத்தையும் உடலையும் பிரிக்காமல் பார்ப்பது அவ்வைத்தியத்தின் நல்ல இயல்பு. கோபம் ஈரலையும், துக்கம் நுரையீரலையும், அச்சம் சிறுநீரகத்தையும், ஓயாத யோசனை மண்ணீரலையும் தாக்கும் என்பது அவர்கள் கொள்கை. அளவு கடந்த மகிழ்ச்சிகூட நெஞ்சுக்கு ஆகாதாம். உடற்கூற்றின்படி இது நிரூபிக்கப்பட்டதன்று. ஆயினும் வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஈரற்குலை நடுங்குகிறது என்று பேசும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்சிங் என்ற வைத்தியர், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருந்து, விழுங்கவும் துப்பவும் முடியாத ஒரு நிலையைக் குறித்திருக்கிறார். காரணமின்றி அழும் பெண்களுக்குக் கோதுமை, அதிமதுரம், இலந்தை இனத்துப் பழம் மூன்றையும் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அக்கஷாயம் துயரைத் தீர்த்ததோ இல்லையோ, பெண்ணின் அழுகையை நோயாக மதித்து, அருகில் உட்கார்ந்து கேட்ட ஒரு வைத்தியர் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு இருந்தார் என்பதை நாம் மதிக்கிறோம்.

இனி, இது பலிக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். புகழ்ந்து பேசுவோர் 1971இல் நிகழ்ந்த ஒன்றை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங் நகரில் இருந்தபோது குடல்வால் அழற்சி கண்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வெறும் ஊசியால் மரக்கச் செய்து வயிற்றை அறுத்தார்கள் என்பது நாடெங்கும் பரவிய கதை. அவர் தாமே எழுதியது வேறு. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தையே ஊசிமூலம் செலுத்தினார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பி வருந்தியபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைச் செருகி, மூலிகைச் சுருளின் சூட்டையும் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் தொல்லை தணிந்தது. உண்மை இவ்வளவே. இதுவே போதிய அளவு சுவையுடையதாயிருக்க, பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் ஏன் வந்ததோ தெரியவில்லை.

நமக்கு இதைவிடப் பயன்படுவது ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஆராய்ச்சி. நெடுநாள் இடுப்பு வலியால் வருந்திய 1162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதற்பிரிவுக்குச் சாத்திரப்படி புள்ளி பார்த்து ஊசி. இரண்டாம் பிரிவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் தோல்மட்டத்தில் பெயருக்கு ஊசி. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க குணம் கண்டவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6, இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. வாசகர்கள் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர்கள் மாத்திரைக்காரர்களைவிட நன்றாகத் தேறினார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் ஊசியை எங்கே குத்தினாலும் ஏறத்தாழ ஒரே பலன்தான்! பாவு வழிகளின் வரைபடம் இந்தப் பரீட்சையில் தேறியதாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் குணம் எதனால்? நமது எண்ணத்தைச் சொல்கிறோம். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், ஒருவரைப் படுக்க வைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அக்கறையோடு தொட்டுச் சிகிச்சை செய்கிறார்கள். ஊசி தசையிலும் நரம்பிலும் செய்யும் வேலையும் சிறிது இருக்கலாம். நம்பிக்கை செய்யும் வேலை கட்டாயம் இருக்கிறது. நமது ஊர் மருத்துவமனையில் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் நெசவாளருக்கு அந்த அரை மணி நேரம் எங்கே கிடைக்கிறது? இதைச் சொல்வதால் ஊசியை ஏளனம் செய்வதாகக் கொள்ள வேண்டா. வலி குறைந்தால் குறைந்ததுதான். ஜெர்மானிய அரசுசார் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த ஆராய்ச்சிகளின் பின் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் ஊசிச் சிகிச்சைச் செலவை ஏற்கத் தொடங்கின. அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறத்துப் புள்ளி உதவுகிறது என்பதற்கும் சான்று உண்டு. மனச்சோர்வுக்கு உதவும் என்பதற்கோ உறுதியான சான்று இன்னும் போதாது. நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் புற்றுநோயையும் இது தீர்க்கும் என்று சொல்பவரிடமிருந்து விலகி நடப்பதே நலம்.

இங்கே ஒரு துன்பமான செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் நன்கறிந்த அங்கத்தினர் ஒருவர், நல்ல கைத்திறன் உள்ளவர், பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்தார். நாடி பார்த்து, ஒரு விரலால் தொட்டே குணமாக்குவதாகச் சொல்லும் ஒருவரிடம் இடுப்பு வலிக்காகச் சென்றார். வலி குறைந்தது. அந்த நன்றியிலே அவர் சொன்ன மற்றொன்றையும் நம்பினார்: மாத்திரை விஷம், நிறுத்திவிடுங்கள் என்பது அது. முதலில் உடல் இலேசாயிருப்பதாகவே எங்களிடம் கூறினார். ஐந்தாம் மாதம் மிதிக்கட்டை உராய்ந்து காலில் ஒரு சிறு புண் வந்தது. அது கழிவுகள் வெளியேறும் அறிகுறி என்று சமாதானம் சொல்லப்பட்டது. மருத்துவமனைக்குப் போனபோது வலக்காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மிதியடிக்கக் கால் இல்லாமல் தறி பல வாரங்கள் வெறுமனே நின்றது. சங்கக் கடன் தவணை மூன்று மாதம் பாக்கி விழுந்தது. அவர் நம்மை நோக்கி, “இடுப்பு வலி போனது பொய்யில்லையே, ஐயா. அதனால்தானே நம்பினேன்” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? எந்தப் பொய்யரும் முழுப் பொய்யோடு வருவதில்லை.

மூலிகைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இது பயிரிடுவோருக்கும் உரியது. சூடு வைக்கும் சுருளில் சீனர் அடைக்கும் தழை நமது மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்து மற்றொரு செடியைக் காய்ச்சலுக்கு நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு குடிக்கும்படி நாலாம் நூற்றாண்டில் கெ ஹொங் என்பவர் எழுதிவைத்தார். தூ யூயூ என்ற அம்மையார் அக்குறிப்பைப் படித்து, காய்ச்சினால் மருந்துச்சத்து அழிகிறது போலும் என்று ஊகித்து, குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் அவர் பெற்ற அச்சத்திலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் மலேரியாவுக்குச் சிறந்த மருந்தாகி, 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏடு வழிகாட்டியது. ஆராய்ச்சிக்கூடம் சோதித்து முடித்தது. மறுபுறமும் உண்டு. 1990ஐ ஒட்டி பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைத் தூள் உண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு வருந்தினர். ஒரு வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு வேர் கலந்திருந்தது. அந்த நஞ்சு அரிஸ்டலோக்கியா என்னும் குடும்பத்துச் செடிகளுக்கு உரியது. நமது கரிசல் காட்டில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளை அக்குடும்பத்ததே. அந்த நஞ்சு அதிலும் உண்டு. ஆடு தின்னாததை நாம் தின்னலாமா என்று நம் கிழவிகள் கேட்டிருக்கக்கூடும்!

கூட்டுறவாளர்களாகிய நமக்குச் சீனத்து அனுபவத்தில் ஊசியைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. 1966இல் ஹூபெய் மாகாணத்தின் மலைப்பகுதியிலுள்ள லெயுவான் கம்யூனில் ஒரு கூட்டுறவு வைத்தியத் திட்டம் தொடங்கினார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஒரு யுவான் சந்தா. பொது நிதியிலிருந்து தலைக்கு அரை யுவான். சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் பதிவுக்கு ஐந்து பென், அதாவது யுவானில் இருபதில் ஒரு பங்கு. மருந்துக்குக் காசு இல்லை. சில மாதப் பயிற்சி பெற்ற உழவர்களே ‘வெறுங்கால் வைத்தியர்’களாக, வயல் வேலையோடு வைத்தியமும் பார்த்தனர். அவர்கள் பையில் ஊசியும் மூலிகையும் இருந்ததற்கு முதற்காரணம் அவை மலிவு என்பதே. 1970களின் நடுவில் பத்துக் கிராமங்களில் ஒன்பதில் இத்திட்டம் இருந்தது. அத்தகைய வைத்தியர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. மக்கள் ஆயுள் நீண்டதற்கு அவர்கள் போட்ட அம்மை ஊசியும், சுத்தமான குடிநீரும், பயிற்சியுள்ள பேறுகாலப் பணியுமே பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம். கம்யூன்கள் கலைந்து பொது நிதி வறண்டதும், 1980களின் நடுவில் திட்டம் நூற்றுக்கு ஐந்து கிராமங்களில்கூட நிற்பது அரிதாயிற்று. சிற்றூர் மக்கள் வைத்தியச் செலவால் கடனாளிகளாயினர். 2003இல் அரசு மறுபடி புதிய கூட்டுறவு வைத்தியத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. அங்கே சேர்வதும் விலகுவதும் அங்கத்தினர் விருப்பத்துக்கு விடப்பட்டதா என்று கேட்டால், நம் கூட்டுறவுக் கொள்கைப்படி திருப்தியான விடை கிடையாது. ஆயினும் தலைக்கு ஒரு யுவானில் ஒரு மலைக்கிராமம் செய்ததை மறக்கவும் கூடாது.

நம் நாட்டுக்கு இவ்வைத்தியம் வந்ததிலும் ஒரு தியாகக் கதை உண்டு. 1938இல் யுத்தத்தில் சிக்கிய சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றனர். அவர்களில் கோட்னிஸ், நெசவுக்குப் பேர் போன சோலாப்பூரில் பிறந்தவர். 1942இல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். உடன் சென்ற பாசு என்பவர் பின்னர் 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று, கல்கத்தாவில் அதைப் பரப்பினார். மேற்கு வங்காளம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே செய்தது. வந்த வழி இவ்வளவு நேர்மையாயிருக்க, தபாலில் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டுவோர் இன்று பெருகியிருப்பது வருந்தத்தக்கது.

ஆகவே, முகாமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இடுப்பு, கழுத்து, முழங்கால் வலிகளுக்கு மட்டும், அரசுப் பதிவு பெற்ற மருத்துவரும் ஊசி வைத்தியத்தை முறையாகக் கற்றவருமான ஒருவரைக் கொண்டு நடத்தலாம். ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். அங்கத்தினர் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். ஒரே ஊசி பலர் உடம்பில் ஏறினால் மஞ்சட்காமாலைக் கிருமியும் அதனுடன் ஏறும். மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் ஆழக் குத்தி நுரையீரல் துளைபட்டதுண்டு என்பதைச் செயற்குழுவினர் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தும்படி ஒரு சொல் எழுந்தாலும் அன்றோடு முகாமை முடித்துவிட வேண்டும். இந்த நிபந்தனையைத் தீர்மானத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

நிதியில் எவ்வளவு என்பதிலும் நமக்கு ஒரு கருத்துண்டு. முதலில் எல்லா அங்கத்தினருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதற்கு வேண்டியதை ஒதுக்குங்கள். மெல்லிய இழை நெய்வோருக்குக் கண்ணாடி வாங்குங்கள். அடுத்துத் தறிக்குழியைப் பாருங்கள்: உட்காரும் பலகையின் உயரம் ஆளுக்கேற்றபடி இல்லை, முதுகுக்குச் சாய்வில்லை, விளக்கு தோளுக்குப் பின்னால் எரிகிறது. இவற்றைத் திருத்தாமல் மாதம் ஒருமுறை ஊசி போட்டு மறுநாள் அதே பலகையில் உட்கார வைப்பது எந்த நாட்டு வைத்தியம்? மிஞ்சுவதில் ஒரு பகுதி முகாமுக்குப் போகட்டும்.

மனத் துயரைப் பற்றி எழுதியவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கடனால் வரும் தூக்கமின்மைக்குக் கடனைப் பற்றிப் பேசுவதே முதல் மருந்து. தவணையை மாற்றியமைக்கச் செயற்குழுவிடம் கேட்பதில் வெட்கமில்லை. வாழ்வே வேண்டா என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால் அவரைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனையும் கிடைக்கிறது.

சீனரிடமிருந்து செலவே இல்லாமல் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கைகளை உயர்த்துதல், இடுப்பைத் திருப்புதல், குதிகாலை எழுப்பி இறக்குதல் முதலாக எட்டு அசைவுகள் கொண்ட பழைய பயிற்சி அது. மெதுவாக, மூச்சோடு இசைத்துச் செய்தால் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிழவரும் செய்யலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பா துவான் சின்’, அதாவது எட்டுத் துண்டுச் சித்திரப்பட்டு. பாவு நீட்டக் காலையில் தெருவில் கூடும்போதே எல்லாரும் சேர்ந்து செய்து பார்க்கலாம். எந்தச் சங்கமேனும் மூன்று மாதம் விடாமல் செய்து, இடுப்பு வலி குறைந்தவர் எத்தனை பேர், குறையாதவர் எத்தனை பேர் என்று இரண்டையும் எண்ணி நமக்கு எழுதுமாயின், அக்கணக்கை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.